உப்பு லாரிக்காரி மார்லிஸின் ஆராய்ச்சி

"ஓடைத் தண்ணி பொய் சொல்லுதா, இல்ல நான் சொல்றேனா? ரெண்டுல ஒண்ணச் சொல்லிடுங்க டீச்சரம்மா!" என்று மார்லிஸ் காகிதங்களைப் பேராசிரியை நோராவின் மேசையில் வீசினாள்.

நோராவுக்கு வயது முப்பத்தொன்று. மாணவி மார்லிஸுக்கு நாற்பத்தெட்டு. மினசோட்டாவின் குளிர்காலம் முழுக்க, சாலைப் பனி உருக உப்புத் தூவும் நகராட்சி லாரியை ஓட்டிவிட்டு, அதே பூட்ஸோடு கல்லூரிக்கு வருகிறவள். பட்டத்துக்கு ஒரே ஒரு பாடம்தான் பாக்கி. அதற்கு வகுப்பும் இல்லை, பரீட்சையும் இல்லை. கேள்வியும் அவளுடையது, விடையையும் அவளே தேட வேண்டும். வாரம் ஒருமுறை நோரா உட்கார்ந்து கேள்வி கேட்டுக் குடைவாள். தான் தூவும் உப்பு ஓடையில் எவ்வளவு சேர்கிறது என்பதே மார்லிஸின் கேள்வி.

"ஓடை ஊருக்குள்ள வர்றதுக்கு மேலேயும் இதே உப்பு, ஊரைத் தாண்டிக் கீழேயும் இதே உப்பா? மேலே ரோடே இல்லையே மார்லிஸ். இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்ப தப்பு எங்கன்னு சொல்லுங்க."

"சொன்னா அது என் ஆராய்ச்சி. நீங்க தேடுங்க."

"சம்பளம் உங்களுக்கு, தேடுறது நானா?"

கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

வீட்டில் பூட்ஸைக் கழற்றியதும் நாய் ஓடிவந்து அதை நக்கியது. விரட்டினாலும் விடவில்லை. மார்லிஸ் பூட்ஸைத் தூக்கிப் பார்த்தாள். தையலெல்லாம் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அந்தப் பூட்ஸ் காலோடுதான் ஓடைக்குள் இறங்கி நின்று, பக்கத்திலேயே பாட்டிலை முக்கியிருந்தாள். இத்தனை நாள் அளந்தது ஓடையை அல்ல, தன் காலை. முட்டாள்தனம்தான். அதற்காக உட்கார்ந்து அழுகிறவளா அவள்?

பிடித்த நீரையெல்லாம் கொட்டினாள். கரையிலேயே நின்று, நீளக் கழியில் பாட்டிலைக் கட்டி, புதிதாக எடுத்தாள். ஊருக்கு மேலே உப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நகராட்சி முற்றத்தில் உப்புக் குவியல் திறந்து கிடந்த இடத்துக்குக் கீழே உப்பின் அளவு எகிறியது.

ஏப்ரலில், மாணவர்கள் தங்கள் ஆராய்ச்சியை அட்டையில் ஒட்டி நின்று விளக்கும் நாளில், அவளுடைய நகராட்சி மேலதிகாரி வெர்னும் வந்தான்.

"நம்ம குவியலையே காட்டிக் குடுக்குறியா நீ?"

"மூடி வெச்சிருந்தா காட்ட என்ன இருக்கு வெர்ன்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்த வாரமே குவியல்மேல் தார்ப்பாய் ஏறியது. நோரா கையெழுத்துப் போட்டாள்.

"தப்பு எங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?" என்றாள் மார்லிஸ்.

"சத்தியமா தெரியாது."

"நல்லா இருக்கு உங்க பொழப்பு!" என்று சொல்லி மார்லிஸ் அவளைக் கட்டிக்கொண்டாள்.

அங்கிருந்து நேரே கல்லூரிக் கடைக்குப் போய், பட்டமளிப்பு விழாவுக்கான கறுப்பு அங்கியும் தொப்பியும் வாங்கினாள். விலை நாற்பத்திரண்டு டாலர்.