தங்கச்சிக்கு எழுதாத வரி

இந்தியாவில் எங்களுக்குக் கிடைத்த வீட்டில் ஒரு காம்பராவுக்கு, அறை என்பார்கள் இங்கே, தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. உள்ளே ஒரு கொக்கிகூடக் கிடையாது. நம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ராத்திரிக்கு உள்ளே தாழ் போட்டுக்கொள்வோம், பகலில் வெளியே போனால் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டுப் போவோம், அவ்வளவுதான். இங்கே கட்டைவிரல் தடிமனில் இரும்புத் தாழ்ப்பாள், அதுவும் வெளியில். விறகு எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்து, வெள்ளைக்காரன் கட்டிய வீடு, அவன் புத்தி அப்படி என்று நினைத்துக்கொள்வேன். நாய் அடைக்கிற அறையாக இருக்கும் என்றார் என் வீட்டுக்காரர் பெருமாள். நாய்க்கு எதற்கு இரண்டு ஜன்னல், அந்த ஜன்னல்களுக்கு எதற்கு ஆணி என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்கிற புத்திதான் காரணம்.

அங்கே இலங்கை மலைநாட்டில் இன்னும் இருக்கிறவர்களுக்கும், என்னைப் போலக் கப்பலேறி வந்து எங்கெங்கோ சிதறிக் கிடக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று நம்மைப் பங்கு போட்டபோது, நானும் அவரும் இந்தியா பக்கம் விழுந்தோம். என் தங்கச்சி பூமணியும் அவள் வீட்டுக்காரர் சுப்பையாவும் எந்தப் பக்கம் பேர் கொடுப்பது என்று முடிவு பண்ணாமல் இருந்தார்கள். பூமணி எனக்கு ஏழு வயது இளையவள். அம்மா கொழுந்தெடுக்கப் போன பிறகு அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். ஸ்டேஷனில் கோச்சி கிளம்பியபோது அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்தாள். போன உடனே கடுதாசி போடு அக்கா, நல்லா இருந்தா நாங்களும் வந்துர்றோம் என்றாள். நல்லா இருந்தா என்று அவள் சொன்னதை நான் ஒழுங்காகக் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

கப்பலில் வந்தவர்களை வைக்கிற மண்டபம் முகாமில் ஒரு மாதம் கிடந்தோம். ஒரு நாள் ஒரு ஆள் வந்து, ஊட்டியில் பெரிய வீடும் தேயிலையும் இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஒரு ஜோடி வேண்டும், பிள்ளை இல்லாத ஜோடியாக இருந்தால் நல்லது என்றார். பிள்ளை இல்லை என்பதற்காக எங்களை ஒருவர் தேடி வந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பாகக்கூட வந்தது. வீடு காந்தலைத் தாண்டி மேடேறிப் போனால் சீகை மரக் காட்டோரம் இருந்தது. முதலாளி கோயமுத்தூரில் இருந்தார், மாதத்துக்கு ஒரு தடவை வருவார். காடு மண்டிப்போன தேயிலையைத் துப்புரவாக்குவதும் வீட்டைக் காவல் காப்பதும் எங்கள் வேலை. ஐந்து அறை இருந்தும் நாங்கள் அடுப்படியில்தான் படுத்தோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில் பிறந்து வளர்ந்த உடம்பு, பெரிய அறையில் படுத்தால் தூக்கம் வரவில்லை.

வேலியோரம் மாட்டுக்குப் புல்லறுக்க வருவார் காந்தல் ரோஸி அக்கா. மார்க்கெட்டில் காய்கறிக் கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு, மிச்ச நேரமெல்லாம் மாடு. எங்களைப் பார்த்த முதல் நாளே, சிலோன்காரங்களா என்றார். அங்கே இந்தியாக்காரர் என்று பேர் வாங்கி, இங்கே வந்து சிலோன்காரர் ஆனோம். அவர் என்னிடம் அடிக்கடி ஒன்றைத்தான் கேட்பார், அந்த ரூமில் படுப்பதில்லையே என்று. விறகுதான் போட்டிருக்கிறோம் என்பேன். அவர் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொள்வார். ஓகோ, பேய்க் கதையாக்கும் என்று நான் சிரிப்பேன். பேய்க்குப் பயந்தவள் கடல் தாண்டி வருவாளா என்றுகூட ஒரு நாள் சொன்னேன். அவர் குனிந்து புல்லறுக்கத் தொடங்கிவிட்டார். முதலாளியின் ஆட்களிடம் எதற்கு வாயைக் கொடுப்பது என்று நினைத்தாராம், பிறகு சொன்னார்.

அந்த அறையில் விறகை நகர்த்தும்போது ஒரு நாள் பார்த்தேன். ஜன்னல் சட்டத்தின் இடுக்கு, கதவுக்கடியில் இருந்த சந்து, பலகை விலகிய இடம் எல்லாவற்றிலும் துணி திணித்திருந்தது. ஒன்றைப் பிடுங்கிப் பிரித்தேன். படங்குத் துணி. கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றிக்கொள்வோமே, அதே முரட்டுத் துணி, அதே கொழுந்துக் கறை. இங்கே யாரும் அதை அப்படிக் கட்டிப் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நமக்கு முன்னால் நம் ஆட்கள் இந்த வீட்டில் இருந்திருக்கிறார்கள், நம்மைப் போலவே குளிருக்கு நடுங்கியிருக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்றைக்கு அந்த வீடு எனக்குக் கொஞ்சம் சொந்தமானது போல இருந்தது. என் புத்தியை எதால் அடிப்பது?

போட்டோ எடுத்தது அந்த வாரத்தில்தான். கப்பலேறி வந்த எல்லாரும் செய்கிற காரியம் இது. கல்லுடைக்கிறவன் யாரோ நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு படம் எடுத்து அனுப்புவான். எங்களுக்கு பங்களாவே இருந்தது, விடுவோமா? பூங்காவில் டூரிஸ்ட்டுகளைப் படம் பிடிக்கிறவர் ஒருவரை அவர் கூட்டி வந்தார். நான் போட்டிருந்த ஸ்வெட்டர் ரோஸி அக்காவுடையது. என் வீட்டுக்காரர் மாட்டியிருந்த கோட்டு முதலாளி அலமாரியில் விட்டுப்போனது, பூச்சி அரித்த பக்கம் முதுகுக்குப் போய்விட்டது. வீடு முழுக்கத் தெரியும்படி தள்ளி நின்று எடுக்கச் சொன்னேன். படத்தின் பின்னால் ‘இது எங்கள் வீடு’ என்று நானே எழுதினேன். குடியிருக்கிற வீடு எங்கள் வீடுதானே, இதில் என்ன பொய் என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன். காவல்காரி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பூமணியின் கடுதாசி வந்தது. லயமே கூடிப் போட்டோவைப் பார்த்ததாம். கணக்கப்பிள்ளை வீட்டம்மாகூட வாங்கிப் பார்த்தாராம். இனி யோசிக்க ஒன்றுமில்லை, நாங்களும் இந்தியாவுக்கே பேர் கொடுத்துவிட்டோம், அக்கா இருக்கிற இடத்தில் ஒரு மூலை கிடைக்காதா என்று எழுதியிருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடுதாசியைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு ஓடி, என் தங்கச்சி வருகிறாள், அந்த விறகு அறையைச் சுத்தம் பண்ணி அவளுக்குக் கொடுக்கப் போகிறேன் என்று ரோஸி அக்காவிடம் சொன்னேன். அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுப் புல்லுக்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் சொன்னார். எங்களுக்கு முன்னால் அந்த வீட்டை, தோல் பதனிடச் சீகைப் பட்டை எடுக்கிற கான்ட்ராக்டர் ஒருவன் வாடகைக்கு வைத்திருந்தான். மரத்தை வெட்டிப் பட்டை உரிக்க முகாமிலிருந்து நம் ஆட்களைக் கூட்டி வந்தான். புருசன், பெண்சாதி, சின்னதாக இரண்டு பிள்ளைகள். சீசன் முடிவதற்குள் ஓடிவிடக்கூடாது என்று பொழுது சாய்ந்ததும் உள்ளே விட்டு வெளியே தாழ் போடுவான், ஜன்னலுக்கு ஆணியும் அடித்தான். உறைபனி விழுந்த மாதத்தில் அவர்கள் குளிருக்கு அழுததால் ஒரு சட்டி நிறையக் கரி கொடுத்தான். காலையில் தாழைத் திறந்தபோது நாலு பேரும் ஒரே கம்பளிக்குள் கிடந்தார்கள். உடம்பில் ஒரு காயம் இல்லை, மூஞ்சி தூங்குகிறது போலவே இருந்ததாம். விறைத்துச் செத்ததாகச் சொல்லிப் புதைத்துவிட்டார்கள்.

“பூட்டுனது அவன்தானுங்க. கரியக் குடுத்ததும் அவன்தானுங்க. ஆனா துணிய வெச்சு சந்தெல்லாம் அடைச்சது அவங்கதானுங்க, பாவம். கரி மூட்டுனா கதவச் சாத்தக்கூடாது, மூச்சு நின்னுரும்னு இங்க சின்னக் கொழந்தைக்குங்கூடத் தெரியும். அவங்களுக்கு யாருங்க சொன்னாங்க?”

யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நமக்கு எப்படித் தெரியும்? லயத்தில் படுக்கிற இடத்திலேயே அடுப்பு எரிந்தது, மூன்று தலைமுறையாக. தகரக் கூரையில் ஆயிரம் ஓட்டை, சுவருக்கும் கூரைக்கும் நடுவே பூனை போகிற இடைவெளி. கதவைச் சாத்தினாலும் காற்று வரும், மழையும் வரும். புகை கண்ணைக் கரிக்கும், இருமல் வரும், அதோடு சரி. கரியில் புகையே இல்லை என்றால் நம் ஆட்களுக்கு அது நல்ல நெருப்பு. மூட்டிவிட்டு, மிச்சமிருக்கிற சந்தையும் அடைத்துவிட்டு, பிள்ளைகளை அணைத்துக்கொண்டு நிம்மதியாகத்தான் படுத்திருப்பார்கள். நான் பிரித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேனே, அந்தத் துணி அது.

விஷயம் கேட்டதும், எல்லாவற்றையும் உன் தங்கச்சிக்கு எழுதிப் போட்டுவிடு என்றார் என் வீட்டுக்காரர். எழுதினேன், நான்கு பக்கம். தாழ்ப்பாள், துணி, கரிச் சட்டி, நாங்கள் காவல்காரர்கள் என்பது, இரவல் ஸ்வெட்டர் வரைக்கும். எழுதி முடித்துப் படித்தேன். இந்தக் கடுதாசியையும் லயமே கூடிப் படிக்கும், கணக்கப்பிள்ளை வீட்டம்மாவும் வாங்கிப் படிப்பார். நான்கு பக்கத்தையும் கிழித்து அடுப்பில் போட்டேன். பிறகு நான்கே வரி எழுதினேன். பாஸ்போர்ட் வந்தாலும் இப்போதைக்கு வர வேண்டாம். இங்கே குளிர் தாங்காது. இந்த வீடு உங்களுக்கு வசதிப்படாது. காரணம் நேரில் சொல்கிறேன்.

நேரில் சொல்வதற்கு அவள் வர வேண்டுமே, வரக்கூடாது என்றல்லவா எழுதுகிறேன்? அந்த மடத்தனம் அப்போது தெரியவில்லை. அவர் கேட்டார், எழுதிவிட்டாயா என்று. எழுதிவிட்டேன் என்றேன்.

பதில் சுருக்கென்று வந்தது. “அக்கா, ஆறு ஜன்னல் வச்ச வீட்டுல ஒரு மூலை குடுக்க உனக்கு மனசு வரல. பரவாயில்ல. நாங்க வந்தாலும் ஒன் வீட்டு வாசல்ல வந்து நிக்க மாட்டோம்.” உடனே நான் உண்மையை எழுதியிருக்கலாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தூக்கி வளர்த்தவளைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தையா, தானாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன். எனக்கு வாய்த்த இந்த ரோசம் ஒரு காசுக்குப் பிரயோசனமில்லாத ரோசம். அதற்குத்தான் விலை கொடுத்தேன்.

மறு வருசம் மார்கழியில் ஒரு போலீஸ்காரர் மேடேறி வந்தார். கையில் எங்கள் போட்டோ. “இது நீங்கதானுங்களா?” என்று கேட்டார். எனக்குப் புரிந்தது ஒன்றுதான். போட்டோவை வைத்து வழி கேட்டுக்கொண்டு பூமணி வந்துவிட்டாள், வழி தெரியாமல் ஸ்டேஷனில் போய் நிற்கிறாள். முகமெல்லாம் பல்லாக, “வந்துட்டாளா? எங்க நிக்கிறா?” என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

எங்கள் வீட்டிலிருந்து மூன்று மைல் தள்ளி, அதே சீகைக் காட்டில், பட்டை உரிக்கிறவர்கள் தங்குகிற தகரக் கொட்டகை. பூமணியும் சுப்பையாவும் முகாமிலிருந்து அங்கே வேலைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அங்கே தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது. யாரும் அவர்களைப் பூட்டவில்லை. அவர்களே கரியை மூட்டி, அவர்களே தாழ் போட்டு, சந்துகளில் அவர்களே துணியை அடைத்துப் படுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தேன். ரோஸி அக்கா சொன்னது சரி, தூங்குகிறது போலத்தான் இருந்தது. கொட்டகையில் கூட வேலை செய்த பெண் ஒருத்தி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பொங்கலுக்கு நல்ல சேலை ஒன்று எடுத்துக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகணும், இந்தக் கோலத்தில் போனால் பங்களாவில் இருக்கிறவளுக்கு அவமானம் என்று பூமணி சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

அழுதேன் என்று எழுதினால் போதாது. கரிச் சட்டி வைத்துக் கதவைச் சாத்தாதே. மொத்தம் ஐந்து சொல். அது எனக்குத் தெரியும், கையில் பேனாவும் இருந்தது, தபால்காரரும் வந்துகொண்டுதான் இருந்தார். என் வீட்டுக்காரர் என்னை இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்கு எழுதிவிட்டேன் என்று நான் சொன்னதை அவர் நம்பினார். கிழித்துப் போட்டதை ஆஸ்பத்திரி வாசலில் வைத்துத்தான் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்துபோய் எனக்கு ஒரு தேத்தண்ணி வாங்கி வந்தார். அவர் நாலு அறை அறைந்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். இதைப் படிக்கிறவர்களே, ஊருக்குக் கடுதாசி எழுதினால் இருக்கிறதை இருக்கிறபடி எழுதுங்கள். மானம் போனால் போகட்டும், திரும்ப வந்தாலும் வரும்.

அந்த வீட்டை விட்டு அந்த மாதமே இறங்கிவிட்டோம். இப்போது குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், ஒரே ஒரு ஜன்னல் உள்ள லைன் வீட்டில் இருக்கிறோம். போலீஸில் கொடுத்த பூமணியின் தகரப் பெட்டியை ஒரு வருசம் நான் திறக்கவில்லை. திறந்தபோது மேலே இரண்டு உடுப்பு, அடியில் மடிப்புக் கலையாமல் வெள்ளைத் துணி. ஜன்னல் திரைகள். ஓரத்தில் பச்சை நூலில் இலை இலையாகத் தையல். பூமணிக்குத் தைக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது, நான் வந்த பிறகு பழகியிருக்கிறாள். எண்ணிப் பார்த்தேன், ஆறு. போட்டோவில் ஜன்னலை எண்ணி, என் மேல் கோபம் வருவதற்கு முன்னாலேயோ பின்னாலேயோ, அக்கா வீட்டுக்கு என்று தைத்துக் கடல் தாண்டிக் கொண்டு வந்திருக்கிறாள். அதில் இரண்டு ஜன்னல் ஆணி அடித்தவை என்பது போட்டோவில் தெரியாது.

ஒன்றை மட்டும் எடுத்து இங்கே கட்டியிருக்கிறேன். பங்களா ஜன்னலின் நீளத்துக்குத் தைத்தது, இந்தச் சின்ன ஜன்னலைத் தாண்டித் தரைவரைக்கும் வந்து கிடக்கிறது. பாதியை வெட்டிவிடலாமே என்றார் அவர். வேண்டாம் என்றேன். வீடு கூட்டும்போது கீழே கிடக்கிற பாதியைத் தூக்கி என் தோளில் போட்டுக்கொண்டு கூட்டுகிறேன். மிச்சப் பாதி ஜன்னலில் தொங்குகிறது. அந்தப் பக்கம் திரும்பவும் முடியாமல், இந்தப் பக்கம் நகரவும் முடியாமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறேன்.