லூர்துமேரி கேட்ட பரண் அறை

லூர்துமேரி புருஷன் வீட்டில் இருந்தது நாலே மாதம். அவனுக்குத் திண்டிவனத்தில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பது தெரிந்ததும், ஒரு சூட்கேஸோடு மரக்காணத்துக்குத் திரும்பிவிட்டாள். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. அப்பா அம்மா இருந்தவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் காலமான பிறகு தம்பி சகாயராஜும் அவன் மனைவி மேரிசெல்வியும்கூடக் கேட்கவில்லை. அவர்கள் இரண்டு பிள்ளைகளோடு உள்ளறையில் படுத்தார்கள். இவள் கூடத்தில் படுத்தாள். புடவை மாற்றவேண்டுமென்றால் சமையல்கட்டுக்குப் போய், கதவில்லாத வாசலில் ஒரு துண்டைத் தொங்கவிட்டுக்கொள்வாள். பதினாறு வருஷம் இப்படியே போயிற்று.

சகாயராஜுக்கு உப்பளத்தில் மூட்டை ஏற்றும் வேலை. அவள் தினமும் ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்துக் குயிலாப்பாளையம் போய், ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறைகளைச் சுத்தம் செய்வாள். அங்கே ஓர் அறையில் ஓட்டுக்கூரைக்குக் கீழே பலகைத் தளம் போட்டு, மெத்தை விரித்து, ஏற மரப்படி வைத்திருந்தார்கள். ஒருநாள் அதில் விரிப்பை மாற்றிவிட்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். கீழே மேனேஜர் கீதாஞ்சலி இரண்டு தடவை கூப்பிட்டும் உடனே பதில் சொல்லவில்லை. யார் கண்ணிலும் படாமல் பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

அவர்கள் வீடும் ஓட்டுவீடுதான். கூடத்துக்கு மேலே பனங்கை போட்ட பரண் இருந்தது. பழைய டிரம், கிழிந்த சாக்கு, உடைந்த நாற்காலி என்று அதில் எல்லாம் கிடந்தன.

"நம்ம பரணை ரூமா மாத்திக்கிறேன்டா. செலவு என்னுது" என்று தம்பியிடம் சொன்னாள்.

"தாராளமா செய்யிக்கா. நீ இத்தினி நாள் கேக்காததே பெருசு" என்றான் அவன். அதை மனதாரத்தான் சொன்னான்.

பெருமுக்கல்லிலிருந்து தச்சர் பக்கிரி வந்தார். ஏறிப் பனங்கையைத் தட்டிப் பார்த்தார்.

"மரம் வைரமா இருக்குது. ஆனா இப்போ மேல நின்னா தலை இடிக்கும். செவுரை மூணு வரி கல்லு வச்சுத் தூக்கி, ஓட்டைப் பிரிச்சு மேயணும். அப்பவும் ஓரத்துல குனிஞ்சுதான் போவணும்."

"படுக்கறதுக்குத்தானே. குனிஞ்சுக்கறேன்."

"இரும்புப் படி வாணாம். இந்த உப்புக் காத்துக்கு மூணு வருஷம் தாங்காது. மரத்துல செஞ்சுக்கலாம்."

சுவர், கூரை, பலகை, படி, ஜன்னல் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் என்றார். தபால் ஆபீஸில் போட்டுவந்த பணமும் சீட்டுப் பணமும் சேர்ந்து ஒரு லட்சத்து நாற்பதுதான் வந்தது. மீதி இருபதுக்கு அவள் ஒரு மாதம் யோசித்தாள். மேஸ்திரிக்குச் சித்தாள் வேண்டாம், லீவு போட்டு நானே கல் எடுத்துக் கொடுக்கிறேன் என்றாள். பழைய ஓட்டில் உடையாததைக் கழுவி மறுபடி போடச் சொன்னாள். புது ஜன்னலுக்குப் பதிலாகப் பழைய கதவு ஜன்னல் விற்கும் கடையில் ஒன்றைப் பேரம் பேசி வாங்கி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கதவை மட்டும் குறைக்கவில்லை. உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள் வேண்டும் என்று பக்கிரியிடம் மூன்று முறை சொல்லியிருந்தாள்.

வேலை தொடங்க மூன்று நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த பிறகு, சகாயராஜ் ஒரு பேப்பரை எடுத்துவந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினான்.

"என்னடா இது?"

"விடுதலைப் பத்திரம்கா. மாமனார்தான் எழுதி வாங்கிடச் சொன்னாரு. நீ பணம் போட்டு வூட்டைத் தூக்கிக் கட்டினா நாளைக்குப் பங்கு அது இதுன்னு பிரச்சினை வரும்னு சொல்றாரு."

அவள் படித்தாள். தன் தகப்பனார் வீட்டில் தனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று அதில் டைப் அடித்திருந்தது.

"நான் பங்கு கேட்டேனாடா?"

"நீ கேக்க மாட்ட. எனக்குத் தெரியாதா? ஒரு பேச்சுக்குத்தான். நீ இருக்கறவரைக்கும் இருக்கலாம்கா. யாரு உன்னைப் போவச் சொன்னாங்க?"

இருக்கலாம். அந்த வார்த்தையைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. பதினாறு வருஷமாகத் தன் வீட்டில்தான் இருக்கிறோம் என்று நினைத்திருந்தாள். சமையல்கட்டில் மேரிசெல்வி பாத்திரத்தைத் தேய்க்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள் லூர்துமேரி. கைரேகையும் வைத்தாள். வெளியே வந்ததும் பக்கிரிக்குப் போன் செய்து, வரவேண்டாம் என்றாள். பக்கத்தில் நின்ற சகாயராஜுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அதான் கையெழுத்துப் போட்டுட்டியேக்கா. இனிமே என்ன? கட்டிக்கோ."

"இப்போ அது உன் வூடு சகாயம். உன் வூட்டுல நான் எதுக்குச் செவுரு தூக்கணும்?"

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ரோட்டோரம் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கையெழுத்துக்கு முன்பு அந்த அறை எப்படியிருக்கும் என்று அவளுக்கு அங்குலம் அங்குலமாகத் தெரிந்திருந்தது. இப்போது எவ்வளவு நினைத்தும் கண்ணுக்கு வரவில்லை.

அந்த மாதக் கடைசியில் குயிலாப்பாளையத்தில் ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்தாள். தகரக் கூரை. மதியத்தில் உள்ளே நிற்க முடியாது. முதல் நாள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். போட்டுவிட்டு வெகுநேரம் அழுதாள். ஒரு வாரம் கழித்துச் சகாயராஜ் வந்து, "ஊர்ல என்னைத்தான் காறித் துப்புறாங்க, வாக்கா" என்று கூப்பிட்டான். டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் பிள்ளைகளுக்குத் துணியும் வாங்கிக்கொண்டு மரக்காணம் போனாள். மேரிசெல்வி ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். விருந்தாளிகளுக்கென்று எடுத்துவைத்திருந்த பீங்கான் கோப்பையில் காபி வந்தது. பழக்கத்தில் லூர்துமேரி கோப்பையைக் கழுவ எழுந்தபோது, "நீங்க உக்காருங்கண்ணி, நான் பாத்துக்கறேன்" என்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். மரியாதையாகத்தான் செய்தாள். லூர்துமேரி மறுபடி உட்கார்ந்தாள்.

"நைட்டு தங்கிட்டுப் போங்கண்ணி."

"காலைல டூட்டி இருக்குதும்மா."

சகாயராஜ் பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தான். மழையில் உப்பளம் முழுக்கத் தண்ணீர் நிற்பதாகவும், பொங்கல் கழிந்துதான் வேலை என்றும் சொன்னான். அவள் பர்ஸைத் திறந்து ஐந்நூறு ரூபாயை அவன் சட்டைப்பையில் வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவன் சொல்லவில்லை.

"உடம்பைப் பாத்துக்கக்கா."

"நீயும்தான்" என்றாள். பாண்டிச்சேரி பஸ் வந்தது. கூட்டமில்லை. ஏறி உட்கார்ந்தாள்.