எண்ணிக்கை எழுதாமல் வந்த அறிக்கை

பணி ஓய்வுக்குப் பிறகு, டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் இயங்கும் பதினோரு தமிழ்ச் சேவைக் குழுக்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பை ஏற்றேன். முப்பது ஆண்டுகள் மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்த பழக்கத்தில் ஒரு படிவமும் தயாரித்தேன். ஆண்டு இலக்கு, அரையாண்டில் முடித்தது, மீதம் என்று மூன்று கட்டங்கள். ஜூலையில் தொடங்கும் எங்கள் ஆண்டுக்கு ஜனவரியில் அரையாண்டுக் கூட்டம்.

ரத்ததான முகாம், மரக்கன்று, நோட்டுப் புத்தகம் என்று பத்துக் குழுக்கள் எண்ணிக்கையோடு அனுப்பிவிட்டன. ஒரே ஒரு படிவத்தில், இலக்கு என்ற இடத்தில் 'ஆஸ்பத்திரிக்குத் துணை' என்று எழுதி, மற்றதைக் காலியாக விட்டிருந்தார்கள். வீட்டு வேலை செய்யும் ஏழு பெண்களின் குழு அது. தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் குடிசைகள் இடிபட்டதும் நகரத்தின் வடகோடிக்குக் குடிபோனவர்கள். குழுத் தலைவியை போனில் பிடித்தேன்.

"எத்தனை பேருக்கு உதவினீங்கன்னு ஏன் எழுதலை?"

"எப்படிம்மா எழுதறது? ஒரே ஆளு பத்து தபா வர்றாரு. அத ஒண்ணுன்னு போடறதா, பத்துன்னு போடறதா?"

என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு வந்து பாருங்களேன்" என்றாள்.

விடிந்தும் விடியாத பனியில், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வாசலுக்குப் போனேன். புடவைமேல் ஆண்பிள்ளை ஸ்வெட்டரும் தலையில் மஃப்ளருமாக அவள் நின்றிருந்தாள். முதல் பஸ் பிடித்து, இரண்டு இடத்தில் மாறி வந்திருக்கிறாள். தமிழ்நாட்டிலிருந்து வைத்தியத்துக்கு வந்து, இந்தி தெரியாமல் திகைத்து நிற்பவர்களைக் கண்டுபிடித்து உள்ளே கூட்டிப்போவதுதான் இவர்கள் வேலை.

அன்று கிடைத்தவர்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் தம்பதி. மனைவிக்குத் தொண்டையில் கட்டி. இரண்டு நாளாகத் தவறான வரிசையில் நின்றிருக்கிறார்கள். "பையா, ஜரா ஜல்தி" என்று காவலரைச் சிரித்தபடியே இந்தியில் அவசரப்படுத்தி, அவர்களைச் சரியான அறைக்கு அழைத்துப் போனாள். நானும் பின்னால் போனேன்.

இளம் டாக்டர் வேகமான இந்தியில் சொன்னார். அவரை இரண்டு முறை திருப்பிச் சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டாள். பிறகு நோயாளியின் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தபடி பேசினாள்.

"கட்டிய எடுத்துடுவாங்களாம். எடுத்தா குரல் போனாலும் போவுமாம், போவாமலும் இருக்குமாம். இப்பவே சொல்ல முடியாதுன்றாரு. நீ யோசிச்சுச் சொல்லுக்கா. அதுவரைக்கும் காத்திருக்கேன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

அந்த அம்மாள் தொண்டையைத் தடவிக்கொண்டாள். பிறகு, "நீ கூட இருப்பியா?" என்றாள்.

"நான் இல்லாங்காட்டி எங்காளு ஒருத்தி இருப்பா."

எனக்கு மூன்று மொழிகள் நன்றாகத் தெரியும். எத்தனையோ கடிதங்களை மொழிபெயர்த்திருக்கிறேன். ஒன்றையும் மறைக்காமல், ஒரு சொல்லாலும் பயமுறுத்தாமல், இதை என்னால் சொல்லியிருக்க முடியாது.

அவள் வேலைக்குப் போகும் நேரம் வந்ததும் குழுவின் இன்னொரு பெண் வந்தாள். நோயாளியின் அட்டையும், டாக்டர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் கைமாறின. ஒரு நாளும் விட்டதில்லையாம். "வீடு இடிபட்ட வாரம்கூடவா?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு மட்டும் யாருக்கும் நோவு வராம இருந்துச்சாம்மா?" என்று சொல்லிவிட்டுத் தலைவி பஸ்ஸுக்கு ஓடினாள்.

லக்ஷ்மிபாய் நகரில் அரையாண்டுக் கூட்டம் நடந்தபோது, அந்தக் குழுவின் அறிக்கையை நான் வாசிக்கவில்லை. அவளையே பேசச் சொன்னேன். இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. அடுத்த அரையாண்டுக்கு என்ன இலக்கு என்று கேட்டேன்.

"செவ்வாயும் வியாழனும் மத்தியானம் எங்களால ஆள் போட முடியல. அது ரெண்டும் நெறைஞ்சா போதும்மா."

முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் எழுந்து, "இந்தி தெரிஞ்சா போதுமா?" என்று கேட்டார்.

"காத்திருக்கத் தெரியணும் சார்."

அவர் செவ்வாயை எடுத்துக்கொண்டார். நான் வியாழனை.

கள்ளக்குறிச்சி அம்மாளுக்கு அறுவை சிகிச்சை முடிந்தது. குரல் கரகரத்துப்போனது, ஆனால் போகவில்லை. மறுபரிசோதனைக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். ஓடிப்போய் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். அந்த அம்மாளின் கண் என்னைத் தாண்டி வாசலைத் துழாவியது.

"அந்தப் பொண்ணு எங்க?"

"நாளைக்குக் காலையில வருவாங்க."

"அப்ப நாங்க நாளைக்கே வந்து காட்டிக்கிறோம்" என்று புருஷனையும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போகப் பார்த்தாள். மெதுவாகச் சமாதானம் சொல்லித்தான் உள்ளே கூட்டிப்போனேன்.