லோரி நின்ற வாசல்

மலாக்காவில் எங்கள் லூபோக் சீனாவுக்குப் புதிதாக வருகிறவர்கள், ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். பஸ் உங்களை இறக்கிவிட்ட இடம்தான் ஊர். ஒரு வரிசைக் கடைகள், ஒரு காப்பிக்கடை, சாயங்காலத்தில் பலகாரம் விற்கும் ஒரு மலாய்க்கார அம்மா. இன்னும் கொஞ்சம் போனால் நெகிரி செம்பிலான் மாநிலம் வந்துவிடும். அது அவர்கள் பாடு. சின்ன ஊர்தான். ஆனால் எங்கள் மாரியம்மன் தேர் கடைவீதிக்கு வரும்போது சீனக் கடைக்காரர்கள் ஆரஞ்சுப் பழத் தட்டோடு வாசலில் நிற்பார்கள். பலகாரக்கார அம்மா தேரோடு நடந்து வருகிற பிள்ளைகளுக்கு ஐஸ் தண்ணீர் கொடுப்பார். இப்படி ஒரு ஊரை எனக்கு யாரும் காட்டியதில்லை.

நாங்கள் ஊருக்குப் பின்னால் இருந்த ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டில் இருந்தோம். இப்போது அங்கே செம்பனை நிற்கிறது. அந்த லயத்து ஜனங்களில் பாதிப்பேர் பாயா ரும்புட்டில் வரிசை வீடு வாங்கிப் போய்விட்டார்கள். திருவிழாவுக்கு மட்டும் தவறாமல் வருகிறார்கள்.

தேர் என்றால் மரத் தேர் இல்லை. மளிகைக்கடை முதலாளி தவுக்கேயின் லோரிதான் தேர். தவுக்கே சீனர், தமிழ் நன்றாகவே பேசுவார். திருவிழாவுக்கு முன்னாலேயே லோரியைக் கழுவி, அதில் மீன் கருவாடு ஏற்றாமல் வைத்திருப்பார். அம்மனை அதில் ஏற்றி, வாழைமரம் கட்டி, அவரே ஓட்டுவார். பக்கத்தில் கோயில் தலைவர் உட்காருவார். தலைவர் என் பெரியப்பா, அதாவது அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன்.

லோரி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும். வீட்டுக்காரர் தேங்காய் பழத் தட்டை நீட்டுவார். தலைவர் அதைக் கையில் வாங்கிப் பூசாரியிடம் கொடுப்பார். ஒரு வீட்டுத் தட்டைத் தலைவர் வாங்கவில்லையென்றால், அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகமாட்டார்கள். எங்கள் ஊரில் அதுதான் பெரிய தண்டனை.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது அந்தத் தண்டனை எங்கள் வீட்டுக்கு வந்தது. அந்த வருஷம் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. யாரும் பால் எடுக்க மரம் சீவப் போகவில்லை. அந்தச் சமயத்தில் என் அம்மா பிரசவமாகி, காய்ச்சல் கண்டு, பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். தோட்டத்துத் துரை தன் காரில் அவளை மலாக்கா ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். மறுநாள் காலையில் அப்பா மட்டும் உளியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். துரை கேட்டாரா, அப்பாவாகப் போனாரா, எனக்குத் தெரியாது. அம்மா பிழைத்து வந்தாள்.

வேலைநிறுத்தம் முடிந்ததும் கோயிலில் கூட்டம் போட்டார்கள். திருவிழாவில் அந்த வீட்டில் தேர் நிற்காது என்று சொன்னவர் பெரியப்பாதான். தம்பி என்று பார்த்தால் நாளைக்கு ஊர் தன்னை மதிக்காது என்றாராம்.

அக்காவுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் செர்காம் பக்கத்திலிருந்து திருவிழா பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தேர் நிற்காமல் போவதை அவர்கள் கண்ணால் பார்த்தால் கல்யாணம் அதோடு சரி. அக்கா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அப்பா வீட்டுக்குப் பின்னால் போய்க் கோழிக்கூட்டைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒரு பழுதும் இல்லை.

அம்மா மட்டும் விடியற்காலையிலேயே வாசல் தெளித்து, கோலம் போட்டு, தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் எடுத்து வைத்தாள்.

பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "எதுக்குடி இதெல்லாம், நிக்காம போனா அசிங்கமா இருக்காதா?" என்றார்.

"நிக்கக்கூடாதுன்னுதான் சொன்னாங்க. தட்டு வைக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே" என்றாள் அம்மா.

சாயங்காலம் நாதஸ்வரச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர் கூட்டத்தோடு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றேன். பக்கத்து வீட்டில் லோரி நின்றது, கிளம்பியது. பெரியப்பா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் பார்த்துக்கொண்டு, ஏதோ செருப்பைத் தேடுகிறவர்போலக் கொஞ்சம் குனிந்தார்.

எங்கள் வாசலுக்கு நேராக லோரி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

தவுக்கே இறங்கினார். இன்ஜின் மூடியைத் தூக்கி உள்ளே வெகுநேரம் பார்த்தார். "லோரி செத்துப் போச்சுலா" என்றார்.

பெரியப்பா கதவைத் திறந்துகொண்டு குதித்தார். "இங்கயா நிக்கணும்? தள்ளுங்கடா" என்று சத்தம் போட்டார். இளவட்டங்கள் பத்துப் பேர் தள்ளினார்கள். லோரி அசையவில்லை.

கூட்டத்தில் சலசலப்பு வந்தது. பக்கத்து வீட்டு அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார். "அவளே நின்னுட்டா. நீங்க யாரு வேணாங்கிறதுக்கு? தலைவருன்னா அம்மாளுக்கும் மேலயா?"

"நான் போன்னுதான் சொல்றேன். அவ போகமாட்டேங்கிறா. நான் என்னம்மா பண்ணட்டும்?" என்று பெரியப்பா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

பிறகு எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். அம்மா தட்டை நீட்டவில்லை. அதைக் கீழே வைத்துவிட்டுச் செம்பை எடுத்து, அவர் கையில் தண்ணீர் ஊற்றினாள். அவர் விரல்களில் மூன்று கறுப்பாகப் பிசுபிசுவென்று இருந்தன. அம்மா செம்பு காலியாகும்வரை ஊற்றினாள். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினார். பூசாரி தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார். மாப்பிள்ளையின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோழிக்கூட்டை விட்டுவிட்டு அப்பாவும் வந்து ஓரமாக நின்றார். தவுக்கே ஏறி உட்கார்ந்ததும் லோரி முதல் தடவையிலேயே கிளம்பிவிட்டது.

அக்கா கல்யாணம் நடந்தது. ஊரே வந்து சாப்பிட்டது. அம்மன் தானாகவே இறங்கி நின்ற வீடு எங்கள் வீடு என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எவளாவது இல்லையென்றால் சண்டைக்கும் போவேன்.

பின்னால் நான் லோரி ஓட்டுகிறவருக்கே வாழ்க்கைப்பட்டேன். அந்தக் காலத்து டீசல் லோரியைச் சாவி திருப்பி நிறுத்த முடியாது, இருக்கைக்குக் கீழே ஒரு கம்பியைப் பிடித்து இழுக்கவேண்டும் என்று ஒருநாள் அவர்தான் காட்டினார். கம்பி முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. கியரில் போட்டுவிட்டால் எத்தனை பேர் தள்ளினாலும் நகராது என்றும் சொன்னார். நான் அந்தக் கம்பியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கையைக் கழுவாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போது பெரியப்பாவும் உயிரோடு இல்லை, தவுக்கேயும் இல்லை.

லோரி நின்ற அந்தத் திருவிழா அன்று ஜனங்கள் கலைந்த பிறகு நான் அம்மாவிடம் கேட்டேன்: "பெரியப்பா கை ஏம்மா அவ்வளவு கறுப்பா இருந்துச்சு?"

அம்மா காலிச் செம்பைக் கவிழ்த்து வைத்தாள். "கற்பூரம் பட்டிருக்கும்" என்றாள்.

நானும் சரி என்று தலையை ஆட்டிவிட்டு விளையாடப் போனேன். கற்பூரத்தை எந்த வாசலிலும் பூசாரிதான் தொடுவார், பெரியப்பா கை தட்டில் மட்டும்தான் படும்.