மீன் வாங்காத வீடு

எனக்கு எண்பத்திரண்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்து ஆளாக்கியது நாலு. நாலு பேர் கையிலும் அம்மை குத்திய தழும்பு உண்டு. குத்தும்போது திமிறாமல் பிடித்துக்கொண்டவள் நான்தான். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

போன வாரம் முனிசிபாலிட்டியிலிருந்து ஒரு பெண் வந்தது. கேட்டுக்கு வெளியே நின்றபடியே, "வீட்ல யாருக்காவது ஜுரம் இருக்கா பாட்டி?" என்றது. இல்லை என்றேன். போனில் எதையோ தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. உள்ளே மருமகள் கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள், தெருவே மணத்தது. அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. குறை சொல்லவில்லை. அதற்குப் போன் இருக்கிறது. எங்களுக்கு மூக்குதான் இருந்தது.

எங்களுக்கு என்றால், சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த சுகாதார நிலையம். ஓர் இன்ஸ்பெக்டர், அம்மை குத்துகிறவர் ஒருவர், ஆயாவாக நான். மெட்ராஸ் ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பேர் வைத்த சமயம் அது. எனக்குப் படிப்பு என்று பார்த்தால் கையெழுத்துப் போடுவேன், பஸ் நம்பர் படிப்பேன், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆண்கள் இரண்டு பேரும் வாசலோடு நிற்க வேண்டியவர்கள். அடுப்படி வரைக்கும் போகிறவள் நான். அதனால் எனக்கு நடை கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது.

மேலேயிருந்து எங்களுக்குத் தகவல் தபாலில் வரும், இங்கிலீஷில். பெருங்களத்தூரில் அம்மை கண்டிருக்கிறது என்று காகிதம் வந்து சேர்வதற்குள் பெருங்களத்தூரில் தலைக்குத் தண்ணீரே விட்டு முடித்திருப்பார்கள். தபாலை நம்பாமல் தெருத் தெருவாகப் போய் வாசலில் வேப்பிலை சொருகிய வீட்டைத் தேடுவோம். அதுவும் கொஞ்ச நாள்தான். வேப்பிலையைப் பார்த்தால் நாங்கள் வந்து கையைப் பிடிக்கிறோம் என்று தெரிந்ததும் ஜனங்கள் அதை வாசலில் சொருகுவதை விட்டுவிட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அடுப்பை ஒளிக்க முடியுமா? அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள், கவுச்சி சேர்க்க மாட்டார்கள். தாளிப்பு வாசம் வராத வீடு எது என்று என் மூக்குக்குத் தெரியும். மீன் வாங்காத வீடு எது என்று கன்னியம்மாவுக்குத் தெரியும்.

கன்னியம்மா கடற்கரைக் குப்பத்திலிருந்து மேடவாக்கம் வழியாக நடந்தே வருவாள். தலையில் கூடை, இடுப்பில் கைக்குழந்தை பவுனு. அந்தக் குழந்தை எங்கள் நிலையத்தில்தான் பிறந்தது. மீன் விற்க வந்த இடத்தில் வலி கண்டு, கூடையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்து படுத்தாள். முதலில் கையில் ஏந்தியவள் நான். அந்த ஒட்டுதலில்தான் எனக்கு மட்டும் சொல்வாள். "அக்கா, கெணத்தாண்ட ஓட்டு வூட்ல நாலு நாளா காரப்பொடி மீனு வாங்கல. நான் சொன்னேன்னு சொல்லாத. அப்பால எவளும் எங்கைல மீன் வாங்க மாட்டா." நான் போவேன். உள்ளே குழந்தை முத்துப் போட்டுப் படுத்திருக்கும். இப்படி மூன்று வீடு பிடித்தோம். "ஆயாம்மாவுக்கு எப்படித்தான் தெரியுதோ!" என்பார் இன்ஸ்பெக்டர். நான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு பேசாமல் நிற்பேன். அவள்தான் பேரைச் சொல்லாதே என்றாளே, அது எனக்கு வசதியாகப் போயிற்று.

அந்த வருஷம் மாசி மாதம் ஒரு புதன்கிழமை. கன்னியம்மா கூடையை இறக்காமலே, "டீச்சரம்மா வூட்ல அஞ்சு நாளா மீன் வாங்கலக்கா" என்றாள்.

டீச்சரம்மா என்பது ரோசலின் டீச்சர். நாங்கள் ஒரே கோவில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடி போடி. இது தவக்காலம். நாங்க வேதக்காரங்க நாப்பது நாள் கவுச்சி தொட மாட்டோம். நோன்புடி அது."

"போன வருசம் இதே நோன்புல வாங்குனாங்களே. வெள்ளிக்கிழம மட்டுந்தான் வேணான்னாங்க."

"எங்க வேதத்தப் பத்தி எனக்குப் பாடம் சொல்லித் தரியா? வேணும்னா போய்க் கேளு. பயப்படாம போ."

போனாள். நான் சொன்னேன் என்று போனாள்.

புதன் போய், வியாழன், வெள்ளி, சனியும் போயிற்று. ஞாயிறு காலைப் பூசைக்கு டீச்சர் தனியாக வந்து என் பக்கத்தில் முழந்தாளிட்டாள். சாம்பிராணிப் புகையைத் தாண்டி என் மூக்கில் ஏறியது அரைத்த வேப்பிலையும் மஞ்சளும். அவள் விரல் நகங்களைப் பார்த்தேன், மஞ்சளாக இருந்தன. பூசை முடிவதற்குள் அவளை வெளியே இழுத்து வந்தேன்.

"சத்தம் போடாதீங்க ஆயாம்மா. ஸ்கூலுக்குத் தெரிஞ்சா என்னை வர வேண்டாம்னுடுவாங்க. தம்பி வடக்கே வேலைக்குப் போனவன், ஜுரத்தோட வந்தான். அப்புறம்தான் முத்து போட்டுச்சு."

"வீட்டுக்கு யார் யார் வந்தாங்க?"

"யாரும் வரல. மீன்காரம்மா மட்டும் புதன்கிழமை வந்தாங்க. பின்பக்கம் உட்கார்ந்து அம்மாகிட்ட பேசிட்டிருந்தாங்க. அந்தக் குழந்தை தவழ்ந்து தம்பி ரூமுக்குள்ள போயிடுச்சு. அவன் போர்வையைப் பிடிச்சுட்டிருந்துச்சு. அம்மாதான் தூக்கிட்டு வந்து குடுத்தாங்க."

பவுனுவுக்கு அம்மை குத்தியிருக்கவில்லை. எட்டு மாதமாக நான் கேட்டும் கன்னியம்மா, "ஆத்தா கோச்சுக்கும்" என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தாள். நானும் அதட்டவில்லை. அதட்டினால் தகவல் நின்றுவிடுமே என்ற கணக்குதான்.

இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு ஓடினேன். சட்டையை மாட்டிக்கொண்டே விரலை மடக்கி எண்ணினார். "நோய் பட்டு மூணு நாள், நாலு நாளுக்குள்ள குத்திட்டா சான்ஸ் இருக்கு. அதுக்கு மேல நம்ம கையில இல்ல. இன்னிக்கு நாலாவது நாள்." டீச்சர் வீட்டுக்கு அம்மை குத்துகிறவரை அனுப்பினார். தம்பியைத் தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி சொன்னார். எங்களுக்கு ஜீப் கிடையாது. குத்துகிற மருந்தான அம்மைப்பால் வைத்த தெர்மாஸ் குடுவையை என் மடியில் கொடுத்து, சைக்கிள் கேரியரில் உட்காரச் சொன்னார். கட்டின புருஷன் சைக்கிளில்கூட நான் அப்படி உட்கார்ந்ததில்லை. மேடவாக்கத்தில் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். வேறு நாளாக இருந்தால் வெட்கத்தில் குதித்திருப்பேன். அன்றைக்குக் குடுவையை இறுக்கிக்கொண்டு, "சார், இன்னும் கொஞ்சம் மிதிங்க சார்" என்றேன். உச்சிவெயில். மணல் வந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினோம்.

குப்பத்தில் கன்னியம்மா குடிசை வாசலில் குழந்தைக்குக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை சிரித்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் மாமியார்க்காரி குறுக்கே வந்து நின்றாள். "மாசி மாசத்துல ஆத்தா ஊர சுத்திகினு கீது. இப்ப போயி கொழந்தயக் குத்துவியா? இன்னா தைரியம் உனுக்கு!" நாலைந்து ஆண்கள் வலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். இன்ஸ்பெக்டர் சட்டம், கேஸ் என்று ஏதோ ஆரம்பித்தார். அது எடுபடவில்லை.

கன்னியம்மா யாரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "நோன்புன்னு சொன்னது நீதானக்கா? இப்ப அம்மைன்றதும் நீதான். எத்த நம்பறது?"

சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. எனக்குத் தப்பை ஒத்துக்கொண்டு பழக்கமில்லை. அத்தனை பேருக்கு நடுவே சொன்னேன்: "நீ சொன்னதுதான் நெசம். எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசி, உன்ன அந்த வூட்டுக்கு அனுப்புனவ நான். தப்பு என்னுது. அத சொல்லத்தான் வந்தேன். பவுனு கைய மட்டும் குடு."

அவள் மாமியாரைத் தாண்டி வந்து, குழந்தையின் இடது கையை அவளே நீட்டிப் பிடித்தாள். இன்ஸ்பெக்டர் மருந்தை வைத்து, பல்லுப் பல்லாக இருக்கும் அந்தச் சின்னச் சக்கரத்தை ஒரு திருகு திருகினார். குழந்தை வீரிட்டது. அதற்குப் பிறகு குப்பமே ஒவ்வொருவராகக் கையை நீட்டியது, மாமியார்க்காரி உட்பட.

இரண்டு வாரம் குப்பத்திலிருந்து யாரும் ஊருக்குள் போகக் கூடாது என்று உத்தரவு. நான் ஒருநாள் விட்டு ஒருநாள் நடந்து போய்ப் பார்த்தேன். எட்டாம் நாள் பவுனுவுக்கு ஜுரம் கொதித்தது. குத்தின ஜுரமா, அம்மை ஜுரமா? இன்ஸ்பெக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. "முகத்தைப் பாத்துக்கிட்டே இருங்க" என்றார். அன்று நான் திரும்பி வரவில்லை. கன்னியம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கொசுக்கடி சிவந்தது, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் குனிந்தோம். கொசுக்கடிதான். மறுநாள் ஜுரம் விட்டது. கையில் மட்டும் பெரிய கொப்புளம் பழுத்துக் காய்ந்து பொருக்கு விழுந்தது. டீச்சரின் தம்பியும் பிழைத்தான், ஒரு கண் போயிற்று.

இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட் எழுதி நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். பிறகு பெரிய டாக்டர் ஒருவர் வந்து எங்களை உட்கார வைத்து அதைப் படித்தார். 'தகவல் கிடைத்த அன்றே நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு ஒரு புடவை கொடுத்தார்கள். என்னைக் காப்பாற்றத்தான் இன்ஸ்பெக்டர் அப்படி எழுதினார். நானும் வாயைத் திறக்காமல் புடவையை வாங்கிக்கொண்டேன். நல்ல புடவைதான், ரொம்ப நாள் உழைத்தது.

கன்னியம்மா மறுபடி வந்தாள். எனக்கும் மீன் போட்டாள். "எந்த வூடாவது வாங்கலியா கன்னியம்மா?" என்று கேட்பேன். "உனுக்கு மீன் வேணுமா, வேணாமா? அத்த மட்டும் சொல்லுக்கா" என்பாள். அந்தக் கோடையில் இரண்டு வீடுகளை நாங்கள் தாமதமாகத்தான் கண்டுபிடித்தோம். ஒரு வீட்டில் நாங்கள் போனபோது அடக்கம் முடிந்து, பாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

பிறகு சில வருஷத்தில் அம்மையே ஊரை விட்டுப் போயிற்று. குத்துகிற வேலையும், அந்தத் திருகுச் சக்கரமும் போயின. சுகாதார நிலையம் இருந்த இடத்தில் இப்போது அடுக்கு வீடுகள். என் பேரப்பிள்ளைகள் கையில் தழும்பு கிடையாது. கன்னியம்மா எந்த வருஷத்தோடு வருவதை நிறுத்தினாள் என்பது எனக்கு ஞாபகமில்லை. எத்தனை வீடு எத்தனை நாளாக மீன் வாங்கவில்லை என்று எண்ணி வைத்திருந்தவள் அவள். அவள் வராத நாளை எண்ண ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

மெர்சி, நான் சொன்னதெல்லாம் எழுதியாயிற்றா? எங்கே, முதலிலிருந்து படித்துக் காட்டு. வேகமாக வேண்டாம். புதன், வியாழன், வெள்ளி, சனி, அந்த நாலு நாளும் அதில் இருக்கிறதா என்று நான் காதால் கேட்க வேண்டும். பாட்டிக்காக எதையாவது விட்டிருந்தால் இப்போதே சேர்த்துவிடு. அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.