பத்து மணித் தேத்தண்ணியை நிறுத்திய வகுப்பு

கொழுந்து பறிக்கிறவளுக்கு முதுகு வலிக்கும். அவளுக்கு மேலே நிற்கிற கங்காணிக்கு வாய் வலிக்கும். நான் இரண்டு வலியையும் பார்த்தவள். ஹட்டனிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம் போக வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினான்கு வருஷம் கொழுந்து பறித்தேன். ஆறு வருஷமாகக் கங்காணி. எனக்குக் கீழே இருபத்தாறு பெண்கள். எனக்கு மேலே உதவி மனேஜரான சின்ன தொரை, அவருக்கு மேலே பெரிய தொரை, அவருக்கு மேலே யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

நடுவில் நின்று வேலை பார்க்கிற யாராக இருந்தாலும், ஆஸ்பத்திரித் தாதியாகட்டும், பள்ளிக்கூடத்து உப அதிபராகட்டும், பஸ் கண்டக்டராகட்டும், உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை.

ஒரு தட்டுப் படம்

ஒரு சனிக்கிழமை, வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைமடுவத்தில் எங்களை உட்கார வைத்து ஒரு வகுப்பு நடந்தது. கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்திருந்தார். நல்ல பெண். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிடுங்கள், அப்போதுதான் இடையிடையே பிஸ்கட், முறுக்கு, பணிஸ் என்று கையில் கிடைத்ததைக் கொறிக்கத் தோன்றாது என்றார். காலையில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள் என்றார். எல்லாம் சரியான பேச்சுத்தான்.

பிறகு சுவரில் ஒரு படத்தைக் காட்டினார். பெரிய தட்டு. பாதிக்குக் கீரையும் மரக்கறியும், கால்வாசிக்குச் சிவப்பரிசிச் சோறு, மிச்சத்தில் மீன், முட்டை, பருப்பு. பக்கத்தில் ஒரு கிண்ணம் தயிரும் பாதி பப்பாளியும். யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் கூட்டத்தில் வாய்க்காரி என்றால் ராணிதான். எழுந்து நின்று, மரியாதையாகவே கேட்டாள்: "அந்தப் படத்துல இருக்கிறது ஒரு ஆளுக்கா மிஸ், ஒரு வீட்டுக்கா?"

கடைசி வரிசையில் இருந்தவர்

அந்த வகுப்பில் கடைசி வரிசையில் எங்கள் சின்ன தொரையும் உட்கார்ந்திருந்தார். வயது இருபத்தெட்டு இருக்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். பரவாயில்லையே, நம் சாப்பாட்டைப் பற்றிக்கூட அக்கறைப்படுகிறாரே என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை காலை, எல்லோரும் கூடி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்றிலிருந்து பத்து மணித் தேத்தண்ணி கிடையாது, ஆட்களிடம் நீயே சொல் என்றார். தினமும் பத்து மணிக்கு மருதை அண்ணன் மூடி போட்ட அலுமினியப் பாத்திரத்தில் வெறும் தேத்தண்ணியைத் தூக்கிக்கொண்டு மலைக்கு வருவார். கால் மணி நேரம் றோட்டோரத்தில் குந்தியிருந்து, உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்துக்கொண்டு குடிப்போம். யாராவது காலையில் மிஞ்சிய ரொட்டியை நாலாகப் பிய்த்துக் கொடுப்பார்கள். இதுதான் அவர் கண்டுபிடித்த இடைத்தீனி.

எல்லோருக்கும் அது இளைப்பாறல். லெட்சுமியக்காவுக்கு மட்டும் அது மருந்து மாதிரி. ஐம்பத்திரண்டு வயது, சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, விடியற்காலையில் அதற்குக் குளிசை போடுகிறவர். பத்து மணிக்கு இரண்டு பிஸ்கட்டாவது வயிற்றில் விழாவிட்டால் கை நடுங்க ஆரம்பித்துவிடும். அதையும் தொரையிடம் சொன்னேன். அவர் நோட்டுப் புத்தகத்தைத் தட்டிக் காட்டினார். "மூணு நேரம் வயிறு நெறயச் சாப்பிட்டா நடுவுல பசிக்காது கங்காணி. நான் சொல்லல்ல, படிச்சவங்க சொல்றாங்க."

படங்கு

பாக்கியம் என்று ஒருத்தி, என் கூட்டத்திலேயே அப்பாவி. சொன்னதைச் செய்து பார்க்கிற ஜாதி. மறுநாளே நாலு மணிக்கு எழும்பிச் சோறு வடித்து, பருப்பும் கிழங்கும் வைத்து, ஆறு மணிக்கெல்லாம் ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். மற்றவர்கள் எப்போதும் செய்வது போல, பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்த கையோடு அரை ரொட்டியை நின்றபடியே விழுங்கிவிட்டு வந்திருந்தார்கள்.

செடியின் குச்சி குத்தாமல், பனித்தண்ணி ஊறாமல் இருக்க இடுப்பைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிற தடித்த சீலைக்குப் படங்கு என்று பெயர். தளர்வாகக் கட்டினால் நழுவிக் காலில் சிக்கும், சரிவில் உருள வேண்டியதுதான். அதைக் கட்டிக்கொண்டு ஏழாம் நம்பர் மலையில் ஏற வேண்டும். ஏணி மாதிரி நிற்கிற மலை அது. பாதி ஏறும்போதே பாக்கியம் செடியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். நாலு மணிக்கு எழும்பிச் சமைத்தது அத்தனையும் மண்ணுக்குப் போயிற்று. நான் முதுகைத் தடவிவிட்டேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குற்றம் செய்தவள் மாதிரி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "வகுறு நெறஞ்சுருச்சு அக்கா. இப்ப படங்க எங்கிட்டுக் கட்றது?"

ரோல்ஸ்

தேத்தண்ணி நின்ற நாலாம் நாள், பத்தரை மணிக்குச் சின்ன தொரை மோட்டார் சைக்கிளில் வந்து மேல் றோட்டில் நின்றார். கூட்டம் பசியோடு கீழே நிரையில் நின்று பறித்துக்கொண்டிருக்கிறது. அவர் முன்னால் தொங்கிய கடைப் பையிலிருந்து ஒரு ரோல்ஸை எடுத்தார். தின்று முடித்து இன்னொன்றை எடுத்தார். கடதாசியைக் கசக்கித் தேயிலைக்குள் எறிந்துவிட்டுப் போனார். எனக்கு ஆத்திரத்தில் காது சுட்டது. தேத்தண்ணி தூக்குகிற வேலை போய்ப் புல் வெட்டிக்கொண்டிருந்த மருதை அண்ணன் அந்தக் கடதாசியைக் குனிந்து எடுத்தார். "பாவம், தொரைக்கு காலையில யாரும் சோறு போடல போல."

இரண்டு பிஸ்கட்

இதைத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். இதைத்தான் எழுத முடியவில்லை.

அடுத்த புதன்கிழமை. லெட்சுமியக்கா படங்குக்குள் ஒரு சின்ன பிஸ்கட் பக்கெட்டைச் செருகி வைத்திருந்தார். எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன். பத்து மணிக்கு அவர் அதைப் பிரிக்கும்போது சின்ன தொரை மேல் றோட்டில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள்தான், ஆட்களைக் கட்டுப்படுத்தத் தெரியாவிட்டால் கங்காணி வேலைக்கு வேறு ஆள் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். நான் போய் அந்த பக்கெட்டை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். "கொஞ்சம் பொறுங்கக்கா, அவரு போகட்டும்" என்றேன். லெட்சுமியக்கா மறுபடி கொழுந்துக்குக் கையை நீட்டினார்.

தொரை போகவில்லை. முக்கால் மணி நேரமாகியும் நின்றுகொண்டே இருந்தார். பதினொரு மணிக்குக் கிட்ட லெட்சுமியக்கா பேச்சுக் குழறி, வேர்த்து, செடிக்கு மேலேயே சரிந்தார். நாலு பேர் சேர்ந்து படங்கிலேயே தூக்கிக்கொண்டு, தோட்டத்து டொக்டர் இருக்கிற மருந்துக்கடைக்கு ஓடினோம். இன்னும் கொஞ்சம் மேலே நின்றிருந்தால், மண் சரியாமல் கட்டிய கல் அணையிலிருந்து தலைகீழாக விழுந்திருப்பார்.

சீனித் தண்ணி கொடுத்து, கண் திறந்த பிறகுதான் மருந்துக்கடை டொக்டர் நிமிர்ந்தார். லெட்சுமியக்காவின் கிளினிக் கொப்பியை விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். அந்த பக்கெட் அப்போதும் என் பையில்தான் இருந்தது. "நடுவுல கட்டாயம் சாப்பிடணும்னு என் கையாலயே எழுதியிருக்கேன். எவன் அதைத் தடுத்தது?"

நிறைந்தது

எவன் என்று கேட்டார் அல்லவா, நான் அன்று வாய் திறக்கவில்லை. மறுநாள் பெரட்டுக்களத்தில் திறந்தேன். எல்லோருக்கும் முன்னால், சத்தமாகவே கேட்டேன். சின்ன தொரை கொஞ்சம் இறங்கி வந்தார். சரி, லெட்சுமி மட்டும் சாப்பிடட்டும், மற்றவர்கள் வகுப்பில் சொன்னபடி காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டு, தண்ணீரும் குடித்துவிட்டு வரட்டும் என்றார். அன்று சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் ராணி எல்லோரையும் கூட்டி வைத்து ஏதோ பேசினாள். நான் தள்ளி நின்றுகொண்டேன். கங்காணிக்குக் காது கேட்காமல் இருப்பதும் சில நேரம் நல்லது.

வெள்ளிக்கிழமை எல்லோரும் சொன்னபடி செய்துவிட்டு வந்தார்கள். வயிறு நிறையச் சோறு, இரண்டு டம்ளர் தண்ணீர், படங்கை மட்டும் நழுவாத அளவுக்குக் கொஞ்சம் தளர்த்திக் கட்டியிருந்தார்கள். நானும் குடித்தேன். எட்டரை மணிக்கு முதல் இரண்டு பேர் வந்து, போக வேண்டும் என்றார்கள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் வெட்கப்பட வேண்டியது நாங்கள் இல்லை. ஏழாம் நம்பர் மலையில் கக்கூசு இல்லை. ஆறாம் நம்பரிலும் இல்லை. எந்த மலையிலும் இல்லை. கிட்ட இருப்பது கீழே ஆபீசில், போய்வர ஐம்பது நிமிஷம். பெண்பிள்ளை எங்கே ஒதுங்குவாள்? அதனால்தான் நாங்கள் காலையில் அரை ரொட்டியோடு நிறுத்திக்கொள்கிறோம், தண்ணீரை நாக்கு நனையக் குடிக்கிறோம், மிச்சத்தைப் பத்து மணித் தேத்தண்ணியாலும் சீனியாலும் சமாளிக்கிறோம். இது எங்கள் அம்மாமார் காலத்திலிருந்து நடக்கிறது. தட்டுப் படம் போட்ட மிஸ்ஸுக்கு இதை யாரும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

குளவிக்கும் சிறுத்தைக்கும் பயந்து, மலையிலிருந்து பெண்கள் தனியாக இறங்கக் கூடாது, இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். சட்டப்படி இரண்டு இரண்டு பேராக அனுப்பினேன். பத்து மணிக்கு நிரையில் பாதிப் பேர் இல்லை. ஆபீஸ் கக்கூசுக்கு வெளியே ஒரு வரிசை நிற்கிறது என்று கிளாக்கர் சின்ன தொரைக்குப் போன் அடித்திருக்கிறார். அந்தக் கக்கூசு ஒன்றுதான், அதுவும் தொரைமாருடையது. அவர் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்து வரிசைக்கு முன்னால் நின்று, இன்றைக்கு எல்லோருக்கும் என்ன வந்தது என்று கத்தினாராம். வரிசையில் முதல் ஆள் ராணி. "வகுறு நெறயச் சாப்பிட்டோங்க தொரை. நெறஞ்சது எங்கிட்டாவது போகணுமில்லீங்களா."

இன்னொரு உத்தரவு

சனிக்கிழமையும் அப்படியே போனது. திங்கட்கிழமை பத்து மணிக்கு மருதை அண்ணன் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்தார். யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் குந்தினார்கள், குடித்தார்கள், எழும்பினார்கள். லெட்சுமியக்காவுக்கு நான் பிஸ்கட் பக்கெட்டை நீட்டியபோது அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றை என் கையில் வைத்தார்.

மலையில் ஒரு கக்கூசாவது கட்டித் தாருங்கள் என்று இருபத்தாறு பேரும் நானும் கையெழுத்து வைத்துக் கொடுத்தோம். இரண்டு பேர் நாடாவோடு வந்தார்கள், மூன்று இடத்தில் அளந்தார்கள், தண்ணீர் எடுக்க வழியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தேத்தண்ணி வந்த பிறகும் காலைச் சோறு சாப்பிட்டுப் பழகிய நாலைந்து பேர் ஆபீசுக்கு இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அதில் பாக்கியமும் ஒருத்தி. படங்கைத் தளர்த்திக் கட்டியதிலிருந்து அவளுக்குச் சோறு தங்குகிறது, கன்னத்தில் கொஞ்சம் சதையும் வந்திருக்கிறது. போன வாரம் சின்ன தொரை என்னை மறுபடி தனியாகக் கூப்பிட்டார். நோட்டுப் புத்தகம் கையில் இல்லை. "இப்பதான் தேத்தண்ணி குடுத்தாச்சே கங்காணி. காலையில சாப்பாட்டக் கொறைச்சுக்கச் சொல்லுங்க."

முதல் உத்தரவைச் சொல்லி லெட்சுமியக்காவைக் கீழே விழவைத்த நான், இந்த இரண்டாவது உத்தரவை இன்றுவரை ஒருத்தியிடமும் சொல்லவில்லை, சொல்லியாகிவிட்டது என்று மட்டும் தினமும் சின்ன தொரையிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.