பொன்முடிக்கு நடந்தே போனவள்

கௌசல்யாவின் வேலையே நிற்பதுதான். திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துக் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் அவளுக்குச் சேலைப் பிரிவு. காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை மேஜைக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஆள் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. பெண்கள் உட்கார்ந்திருந்தால் கச்சவடம் மந்தம், வியாபாரம் இல்லை என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றுமாம், முதலாளியின் கணக்கு அது. வீட்டுக்கு வந்ததும் கால்களைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்துக்கொள்வாள். கெண்டைக்காலில் நீல நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். புருஷன் வன்னியராஜ் கம்போளத்தில் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர், தைலம் தேய்த்துவிடுவார். ஒரே மகளைப் பாறசாலையில் கட்டிக்கொடுத்தாயிற்று. நாற்பத்து நாலு வயதில், இனி இந்தக் கால்கள் இப்படித்தான் என்று கௌசல்யா விட்டுவிட்டாள்.

அதே கடையின் மாடியில் தையல் மெஷினில் இருந்தவள் முத்தாரம்மாள். கௌசல்யாவைவிட ஆறேழு வயது மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளாமல் ஆற்றுகாலில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அவளுக்கு நேர் எதிரான கஷ்டம். நாள் முழுக்கக் குனிந்து இருந்து இருந்து இடுப்பு பிடித்துப் போயிருந்தது. "கொஞ்ச நேரம் எனக்காக நீ இரி, உனக்காக நான் நிக்கேன்" என்று படியில் பார்க்கும்போதெல்லாம் சொல்வாள்.

2003-இல், கடையில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு இருவரும் பாலராமபுரம் போனார்கள். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஹர்த்தால் அறிவித்துவிட்டார்கள். எங்கேயோ யாரோ யாரையோ அடித்ததற்கு. பந்த் நடத்தக் கூடாதென்று கோர்ட் சொன்ன பிறகு அதே பந்த் இந்தப் பெயரில் வந்துகொண்டிருந்த காலம். பஸ்கள் நின்றன. கடைகள் அடைத்தன. வன்னியராஜின் ஆட்டோவையும் எடுக்க முடியாது.

"நடப்போம் அக்கா" என்றாள் கௌசல்யா. வேறு வழியில்லாமல் சொன்னதுதான்.

"பட்டுச்சேலையிலயா?"

"பட்டுச்சேலைன்னா கால் அசையாதா?"

நேமம் வரைக்கும் புலம்பிக்கொண்டே நடந்தார்கள். அதன்பிறகு புலம்பல் தானாக நின்றது. லாரியும் பஸ்ஸும் மோதிக்கொண்டு ஓடுகிற நேஷனல் ஹைவே காலியாகக் கிடந்தது. கௌசல்யா ஓரத்திலிருந்து விலகி ரோட்டின் நடுவுக்கே வந்துவிட்டாள். இத்தனை வருஷம் பஸ் ஜன்னலில் ஓடிப்போன மரங்களும் வீடுகளும் இப்போது ஒவ்வொன்றாக வந்து நின்று போயின. கரமனை பாலத்தில் இருவரும் சற்று நின்று ஆற்றைப் பார்த்தார்கள். வெயில் தாழ்ந்துவிட்டது. அங்கே நின்றபோதுதான் கௌசல்யாவுக்கு உறைத்தது. கால் வலிக்கவில்லை. அசதி இருந்தது; ஆனால் கடையிலிருந்து திரும்பும்போது இருக்கிற அந்த ஈயம் ஊற்றின கனம் இல்லை.

"எனக்கு இடுப்பு விட்டிருக்கு பிள்ளே" என்றாள் முத்தாரம்மாள், நம்பாதவள்போல இடுப்பைத் தடவிக்கொண்டு.

அதன்பிறகு ஹர்த்தால் என்றால் ஊரே சலித்துக்கொள்ளும்போது கௌசல்யா மட்டும் ரேடியோச் செய்தியைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தாள். அவளுக்குக் கிடைத்த லீவு அதுதான். ஒரு ஹர்த்தாலுக்குச் சங்குமுகம் கடற்கரை. அடுத்ததற்குக் கோவளம். அருவிக்கரை அணை வரை போன அன்று புளிச்சோறும் அவித்த முட்டையும் பொதிந்து எடுத்துப்போய்த் தண்ணீர்க்கரையில் உட்கார்ந்து தின்றார்கள். சேலை காலைத் தடுக்கிறதென்று முத்தாரம்மாள் மிச்சத் துணியில் இரண்டு சுரிதார் தைத்தாள். வீடு இருந்த கிள்ளிப்பாலத்துச் சந்தில் கௌசல்யா முதன்முதலாகச் சுரிதாரும் கான்வாஸ் ஷூவுமாக இறங்கி நடந்தபோது, தண்ணீர்க் குழாயில் நின்ற பெண்கள் குடத்தை மறந்து பார்த்தார்கள்.

அன்று வன்னியராஜ் வாய் திறந்தார். "ஆளுக என்னவெல்லாமோ சொல்லுதாவ கௌசல்யா. ஏதாவது காரியம்னா சரி. சும்மா சும்மா எங்கயாக்கும் நடக்கது?"

"காரியம் ஒண்ணுமில்ல" என்றாள் அவள். "அதான் எனக்குப் பிடிச்சிருக்கு."

 அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

பொன்முடி யோசனை அடுத்த வருஷம் ஓணத்துக்குப் பிறகு வந்தது. கௌசல்யாவின் சித்தப்பா மகள் உலகம்மை பொன்முடித் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தாள். வா, வா என்று வருஷக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பஸ் குறைவு, லீவு கிடையாது, போனதில்லை. அந்த ஓண வியாபாரம் முடிந்ததும் கடைக்கு வெள்ளையடிக்க வியாழன் முதல் ஞாயிறு வரை அடைத்தார்கள்.

"உலகம்மையைப் பாக்கப் போலாம் அக்கா" என்றாள் கௌசல்யா. "நடந்து."

முத்தாரம்மாள் மெஷினிலிருந்து தலையைத் தூக்கி அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு ஊசியில் நூலைக் கோத்தபடி, "நெடுமங்காட்டுல எங்க மதினி வீடு இருக்கு. ஒரு ராத்திரி அங்க கெடக்கலாம்" என்றாள்.

வியாழன் காலை இருட்டு பிரியும்போது புறப்பட்டுப் பேரூர்க்கடை வழியாக நெடுமங்காடு சேர்ந்தார்கள். வெள்ளிக்கிழமை விதுரை. அங்கே கடையில் கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் அம்மா கப்பைக் கிழங்கும் மீன்குழம்பும் கொடுத்துப் பாய் விரித்துப் போட்டாள். வழியெல்லாம் ஒரே கேள்விதான். பை தோளில் மாட்டிய நடுவயசுப் பெண்கள் இருவர் நடந்து போனால் அது வேண்டுதலாக, நேர்ச்சையாகத்தான் இருக்க வேண்டும். டீக்கடையில் கேட்டார்கள், ரப்பர் பால் எடுக்கிறவர் கேட்டார், பஸ் ஸ்டாப்பில் நின்ற டீச்சர் கேட்டாள், எந்தக் கோயிலுக்கு என்று. "நேர்ச்சையாணோ? ஏது அம்பலம்?"

முத்தாரம்மாளுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. தொளிக்கோடு தாண்டியதும், "ஆமா, நேர்ச்சைதான்" என்று சொல்ல ஆரம்பித்தாள். அப்படிச் சொன்னால் ஜனங்கள் மரியாதையாகத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு கிழவர் தம் பேத்திக்காகவும் வேண்டிக்கொள்ளச் சொன்னார்.

கௌசல்யாவுக்கு மனசு கேட்கவில்லை. "பாவம் அக்கா, நம்பிச் சொல்லுதாரு."

"நானும் வேண்டிக்கிட்டேன்டீ. எங்க இருந்து வேண்டினா என்ன?"

சனிக்கிழமை கல்லாறு தாண்டி மலை தொடங்குகிற இடத்தில் வனத்துறைச் செக்போஸ்ட். காவலர் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "மேலே அம்பலமொன்னும் இல்லல்லோ. எந்தினா நடந்நு போணது?"

முத்தாரம்மாள் வாய் எடுப்பதற்குள் கௌசல்யா முந்திக்கொண்டாள். "வெறுதே சாரே. சும்மா. நடக்க இஷ்டம், அதுகொண்டு நடக்கோம்."

சொல்லிவிட்டு அவளுக்கே கூச்சமாக இருந்தது. திருடிய பொருளை வெளியே எடுத்து வைத்ததுபோல. காவலர் சிரிக்கவில்லை. ஆனை ரோட்டைத் தாண்டும், சாணி ஈரமாகக் கிடந்தால் நில்லுங்கள், வெயில் இறங்குமுன் மேலே போய்விடுங்கள் என்று சொல்லிக் குறுக்குக் கம்பைத் தூக்கினார். இரண்டு பேர் குனிந்து போகிற வழிக்குக் கம்பைத் தூக்க அவசியமே இல்லை. வண்டிக்குத் தூக்குகிற மாதிரி முழுக்கத் தூக்கினார்.

கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்தன. ஒவ்வொரு திருப்பத்திலும் நம்பர் எழுதிய கல். ஏழாவது வளைவில் முத்தாரம்மாளின் குதிகாலில் அட்டை ஏறியது. அதைப் பறிக்கக் காலைத் தூக்கியவள் பாசியில் சறுக்கி முழங்கால் மடங்க விழுந்தாள். எழுப்பி உட்காரவைத்துப் பார்த்தால் முட்டி வீங்கத் தொடங்கியிருந்தது. ஈரத்துணியைக் கட்டினார்கள். இன்னும் இரண்டு வளைவு நொண்டிப் பார்த்தாள். முடியவில்லை.

எஸ்டேட்டுக்கு அரிசி ஏற்றிப்போன ஜீப் ஒன்று வந்து நின்றது. டிரைவர் ஞானையன் மார்த்தாண்டத்துக்காரர். "லயத்துக்குத்தான் போறேன். ரெண்டு பேரும் ஏறுங்க" என்றார்.

முத்தாரம்மாளை முன்சீட்டில் ஏற்றினார்கள். கௌசல்யா பின்னால் வந்து கம்பியைப் பிடித்து ஒரு காலை ஏற்றினாள். அப்படியே நின்றாள்.

"என்ன பிள்ளே? ஏறு."

காலை இறக்கிவிட்டாள். "நீங்க போங்க அக்கா. நான் நடந்து வாரேன்."

"ஒத்தைக்கா? ஆனை இருக்குன்னு சொன்னானே அவன்."

"வெளிச்சம் இருக்குல்லா. வந்துருவேன்."

முத்தாரம்மாள் திட்டினாள். ஞானையன் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தார். கடைசியில் அவள் தன் பையிலிருந்து பழம்பொரிப் பொதியை எடுத்து நீட்டி, "வரலேன்னா இந்த நொண்டிக் காலோட எறங்கி வருவேன், பாத்துக்கோ" என்றாள். ஜீப் வளைவில் மறைந்தது. சத்தம் மேலே மேலே போய் இல்லாமலானது.

கௌசல்யா வாழ்க்கையில் எங்கேயும் தனியாக இருந்ததில்லை. அப்பன் வீடு, புருஷன் வீடு, கடை, பஸ்; எல்லா இடத்திலும் ஆட்கள். முதல் வளைவைப் பயத்திலேயே கடந்தாள். மூங்கில் உரசுவதெல்லாம் ஆனையாகக் கேட்டது. ஒரு இடத்தில் சாணி கிடந்தது. குனிந்து பார்த்தாள், காய்ந்து வெயிலில் வெளுத்திருந்தது. அதன்பிறகு பயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. மூச்சு தாளத்துக்கு வந்தது. இனி யாருக்காகவும் வேகமாகப் போக வேண்டாம், மெதுவாகவும் போக வேண்டாம். மேகம் ரோட்டில் இறங்கி அவளைச் சுற்றிக்கொண்டது. சிறிய மதகுச் சுவர் ஒன்றில் உட்கார்ந்து பழம்பொரியைத் தின்றாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதை நினைத்தபோது கண் நிறைந்தது. ஏன் என்று அவள் யோசிக்கவில்லை. துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

மரங்கள் குறைந்து தேயிலை தெரிந்தது. மேகத்தை விட்டு ரோடு வெளியே வந்தபோது மலைகள் மேலெல்லாம் புல் பச்சையாகப் படுத்துக் கிடந்தது.

லயத்து வாசலில் முத்தாரம்மாள் காலை வெந்நீர் வாளிக்குள் வைத்து உட்கார்ந்திருந்தாள். கௌசல்யாவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்; தோள் குலுங்கியது. உலகம்மைதான் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "என்ன அக்கா இது, பஸ்ஸு கிட்டலியா?"

"கிட்டிருக்கும். நாங்க ஏறல."

உலகம்மை டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கை விரல்கள் கொழுந்து பறித்துக் கறுத்திருந்தன. "உங்களுக்கு இது வெளாட்டு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நாங்க கூடையோட தெனம் ஏறி எறங்குதோம். எப்படா ஒரு இடத்துல இருப்போம்னு இருக்கும்."

கௌசல்யாவுக்குச் சுருக்கென்றது. டீயைக் குடித்து முடித்துக் கேட்டாள். "உச்சியில அந்தப் புல்லு மேடு இருக்கே, டூரிஸ்டெல்லாம் போறது. அங்க நீ போயிருக்கியா?"

உலகம்மை யோசித்தாள். "வழியே போயிருக்கேன். இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வேலைக்கு. நின்னு பாத்ததில்ல."

"நாளைக்கு லீவுதானே?"

"லீவுன்னா துணி தொவைக்கணும், விறகு..." என்று இழுத்தவள் நிறுத்திவிட்டு, "அங்க போயி என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் போனார்கள். முத்தாரம்மாள் ஒரு தேயிலைக் கம்பை ஊன்றி வந்தாள். கூடை இல்லாத முதுகு உலகம்மைக்கு விநோதமாக இருந்தது போலிருக்கிறது. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் வீசிக்கொண்டே நடந்தாள். மேட்டில் காற்று பலமாக அடித்தது. உலகம்மை பள்ளத்தாக்குகளைப் பார்த்து, தன் லயம் எது, தான் பறிக்கிற மலை எது என்று தேடிக் கண்டுபிடித்துக் காட்டினாள். பிறகு புல்லில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

"இருவது வருசமா இங்கதான் கெடக்கேன்" என்றாள், வானத்தைப் பார்த்தபடி.  திரும்பலாமா என்று முத்தாரம்மாள் இரண்டு தடவை கேட்டும் எழுந்திருக்கவில்லை.

மத்தியான பஸ்ஸில் கௌசல்யாவும் முத்தாரம்மாளும் மலையிறங்கினார்கள். முத்தாரம்மாளின் முட்டி சரியாக ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதம் நடந்த ஹர்த்தாலில் கௌசல்யா தனியாகவே வேளி வரை போய்வந்தாள். அடுத்ததில் கடைப் பெண்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள். வன்னியராஜ் சில மாதம் கழித்து ஒரு ஹர்த்தாலன்று, ஆட்டோ எடுக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தவர், "கோவளம்னா எத்தர நேரம் ஆகும்?" என்று பொதுவாகக் கேட்டார். அன்று அவரும் வந்தார். அம்பலத்தறை தாண்டுமுன் செருப்பு கடிக்கிறது, வெயில் கொல்லுகிறது என்று முனகத் தொடங்கினார். கௌசல்யா பையிலிருந்து தண்ணீரை எடுத்துக் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

மாசி மாதம் உலகம்மை லீவு போட்டு மலையிறங்கி வந்தாள். கடலை அவள் கிட்டத்தில் பார்த்ததில்லை. கிள்ளிப்பாலத்திலிருந்து சங்குமுகத்துக்கு பஸ்ஸிலா, நடையா என்று கௌசல்யா கேட்டாள். உலகம்மை வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டே, "வழிய நீங்க சொன்னா போதும்" என்றாள்.